தட்டில் கை வைப்பதற்கு முன்

சாலவாக்கத்துச் சாலையில் பாதியை நெல் பிடித்திருந்தது. மிச்சப் பாதியில் மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. டவுன் பஸ் மட்டும் ஒதுங்காது. அது வந்தால் நெல் காயப்போட்டவன்தான் ஒதுங்க வேண்டும். டயரில் நசுங்கியது போக மிச்சத்தைப் பெருக்கிச் சேர்த்து, டிரைவரின் வம்சத்தை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி வேலையைப் பார்க்க வேண்டும்.

மோகன் நெல்லுக்குள் வெறுங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தான். ஏர் பிடித்துச் சால் ஓட்டுவதுபோல ஒரு காலை ஒட்டி மறுகால். அப்படிக் கீறிவிட்டால்தான் அடியில் கிடக்கும் ஈர நெல் வெயிலைப் பார்க்கும். சொர்ணவாரிப் பட்டத்து நெல்லை மிஷின் வைத்து அறுத்து நேரே கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனதில், ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டு வா என்று திருப்பிவிட்டார்கள். ஆகாயமோ தினம் சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்தது.

மோகன் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவன். காஞ்சிபுரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பும் எடுத்து வந்தான். வகுப்பு எடுத்தால்தான் உதவித்தொகை. போன வாரம் முழுக்க அங்கே அவன் தலை காட்டவில்லை. நெல் காயணும் என்றான். நெல் காய்வதற்கு அவன் வேண்டியதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"நைனா, நீ அந்தாண்டப் பக்கம் வாரு. இத்த நான் பாத்துக்கிறேன்" என்றான்.

கன்னியப்பன் வாரும் பலகையை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். "நாளைக்கித் திங்கக்கெழமடா."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. திங்கக்கெழமன்னு சொன்னேன்."

சாலையோரத்துக் குழாயடியில் மோகனின் மனைவி ஜெயப்பிரியா கம்பெனி யூனிபாரத்தை அலசிக்கொண்டிருந்தாள். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. விடியும் முன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். கல்யாணமான நாளாக அவள் சம்பளத்தில்தான் அவன் படிப்பு ஓடியது. துணியைப் பிழிந்து உதறியவள் மாமனாருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"வருசக் கணக்கா கம்பெனி பஸ்ல தூங்கித் தூங்கி ஜன்னல்ல மண்டைய இடிச்சுக்கினது, இவுரு நெல்லு மெறிக்கறதுக்குத்தான் போல."

"ஜெயா, பேஜார் பண்ணாத."

"நானா பண்றேன்? அடுத்தவன் கயினில கூலிக்குப் போறவன்கூட ஒரு நாளு லீவு போட்டா சொல்ட்டுப் போடுவான். நீங்க யாராண்ட சொன்னீங்க?"

நெல்லின் விளிம்பைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்த அம்முலு சிரித்தாள். அவள் காலனியிலிருந்து இவர்கள் கழனி வேலைக்கு வருகிறவள். நடவு, களை, காயவைப்பு எல்லாவற்றுக்கும் முதல் ஆள். "நல்லா கேளு பாப்பா" என்றாள்.

அப்போதுதான் உத்திரமேரூர்ப் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டி வந்து நெல்லின் ஓரத்தில் நின்றது. பின்சீட்டில் நீலத் தார்ப்பாய்ச் சுருள் ஒன்று கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கியவள் ஷப்ரீன். மோகனோடு அதே துறையில் ஆராய்ச்சி செய்கிறவள். உத்திரமேரூர் பஜாரில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் மஹபூப் பாஷாவின் மகள்.

மோகன் காலைத் தேய்ப்பதை நிறுத்தினான். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. யார் போன் பண்ணி வரவழைத்தது என்பதும் தெரிந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இந்த வெயில்ல?" என்றார் கன்னியப்பன்.

"அப்பா குடுத்தனுப்புனாருய்யா. சாயங்காலம் மழை பிச்சுக்கினு ஊத்தப் போவுது, சாலவாக்கத்துல உன் சிநேகிதன் வூட்டு நெல்லு ரோட்டுல கீதாம், எத்துனுப் போன்னாரு. காஞ்சதும் மடிச்சுத் திருப்பித் தந்தாப் போதும்."

"பாய் மனசே மனசு" என்ற கன்னியப்பன், சுருளைத் தோளில் சாய்த்து இறக்கினார். இறக்கும்போதே மகனைப் பார்த்து, "வூட்டுக்கு இட்டுக்கினு போடா. வெயில்ல நிக்க வெச்சிக்கினு கீறே" என்றார்.

ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்த யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு நாள் கையில் சாக்பீஸைக் கொடுத்து வகுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். நீச்சல் தெரியாதவனை ஏரியில் தள்ளுவதுபோலத்தான். தண்ணீர் குடித்துக் குடித்து அவனாகக் கற்றுக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் சேர்த்து மூழ்கடிப்பான். அவர்கள் துறைப் பேராசிரியை மேரி மேடம் இதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு ஏற்பாடு செய்தார். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் பின்வரிசையில் போய் உட்கார வேண்டும். வகுப்பு முடிந்ததும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். மதிப்பெண் கிடையாது, மேலே புகாரும் போகாது. மறுவருஷம் அந்தக் குழுவை ஷப்ரீன் கையில் கொடுத்து, "நீங்களே நடத்துங்க, கூப்பிட்டா மட்டும் வர்றேன்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அதைக் கெடுத்தது மோகன்தான். கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இந்தப் பக்கத்துக் கழனிகளில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது உண்டு. இன்றைக்கு உன் நடவுக்கு என் வீட்டு ஆள், நாளைக்கு என் நடவுக்கு உன் வீட்டு ஆள். அப்படி வருகிறவர்களுக்கு முதலில் டீயும் வடையும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததைத் தின்ற வாய் அந்தக் கழனியைப் பற்றிக் குறை பேசாது. வரப்பு கோணலாக இருந்தாலும், நாற்று முற்றியிருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். மோகன் அதே மரியாதையை அங்கேயும் கொண்டுபோனான். தன் வகுப்பைப் பார்க்க வந்தவர்களை நேரே கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தான். மற்றவர்களுக்கும் அந்தப் பழக்கம் பிடித்துப் போயிற்று. பஜ்ஜியை மென்றுகொண்டு குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? "சூப்பரா இருந்திச்சுண்ணா" என்றார்கள். "நல்லாப் போச்சு" என்றார்கள். பஜ்ஜி தீர்ந்ததும் கலைந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் மோகன் வகுப்பில் மலர்க்கொடி என்ற பெண் வராமல் நின்றுபோனாள். ஏன் என்று விடுதிக் காப்பாளர் விசாரித்து, அது துறைத் தலைவர் வரைக்கும் போயிற்று. மோகனின் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அவர். மேரி மேடம் குறுக்கே வந்து, கூடப் படிக்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும், மோகனுக்கு இந்த வகுப்பைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று ஷப்ரீன் திங்கட்கிழமை சொல்லட்டும் என்று அவகாசம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். மோகன் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. போகாமலே நின்றுவிட்டான்.

வீட்டில் பாஞ்சாலி அதற்குள் அடுப்பை மூட்டியிருந்தாள். மோகனின் அம்மா. விருந்தாளி வந்தால் எதற்கு வந்தார்கள் என்று கேட்பதற்கு முன் சோறு போடுகிறவள்.

"கோழி அடிச்சிருப்பேன்மா. உங்காளு அறுத்தாத்தான் நீங்க துன்னுவீங்களே, அதான் கருவாட்டுக் கொயம்பு வெச்சேன். முருங்கக்கீர கீது. உக்காரு, உக்காரு."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"எதுக்கா? வயித்துக்கு."

கூடத்தில் பாய் போட்டு ஷப்ரீனுக்கும் மோகனுக்கும் தட்டு வைத்தாள். கன்னியப்பன் சுவரோரம் உட்கார்ந்தார். அம்முலு வாசற்படிக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தட்டு தனி, தம்ளர் தனி. இரண்டும் மாட்டுக் கொட்டாயின் கூரை இடுக்கில் செருகியிருக்கும். வேலைக்கு வருகிறபோது அவளே எடுத்துக் கழுவிக்கொள்வாள், தின்று முடித்து அவளே செருகி வைப்பாள்.

சோற்றின் மேல் குழம்பு விழுந்து ஆவி கிளம்பியது. ஷப்ரீன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, பக்கத்திலிருந்த இன்னொரு தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அப்புறந்தான் சாப்புடுவேன். சாப்ட்டுட்டா எனுக்கு வாய் வராது."

பாஞ்சாலி கரண்டியோடு நின்றாள். "இன்னாம்மா இது புதுசா?"

"புதுசு இல்ல. சோறு துன்னுட்டுக் குறை பேசக் கூடாதுன்றது எங்க பஜார்லயும் உண்டு. அதனாலதான் துன்றதுக்கு முன்னாடியே பேசிடலாம்னு." அவள் மோகன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அன்னிக்கி நான் உங்க கிளாஸ்ல பின்னாடி உக்காந்திருந்தேன். கேன்டீன்ல நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். நல்லா இல்ல."

மோகன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"வெர்னியர் அளவுகோல்ல எந்தக் கோடு எந்தக் கோட்டோட ஒட்டுதுன்னு மலர்க்கொடிக்குப் பாக்கத் தெரியல. திரும்பத் திரும்பத் தப்பா சொல்லுச்சு. நீங்க இன்னா சொன்னீங்க?"

"வெளாட்டுக்குச் சொன்னேன் ஷப்ரீனு. எங்கம்மா வாயில தெனம் வர்றதுதான்."

"இன்னா சொன்னீங்கன்னு சொல்லுங்க."

"நீ கஞ்சிக்கு வந்தியா, கணக்குக்கு வந்தியான்னேன்." அம்மாவைப் பார்த்தான். "நீ சொல்லுவியே, கஞ்சிக்கு வந்தியா, களைக்கு வந்தியான்னு. அது மாதிரி."

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல இன்னாமா தப்பு? களையில பின்தங்கிப் போறவள அப்பிடிச் சொன்னாத்தான் கையி ஓடும். சொன்னவுடனே எல்லாம் கொல்லுனு சிரிப்பாளுங்க. பேசாம வேலை செஞ்சா இடுப்பு வலி தெரியுமில்ல?"

"கிளாஸ்லயும் எல்லாம் சிரிச்சாங்கம்மா. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. வாலாஜாபாத் பக்கம் காலனியிலேந்து வந்து, கவர்ன்மென்ட் ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிற பொண்ணு. ஆஸ்டல் சோறு துன்றவன்னு முன்னாடியே நாலு பேரு சாட பேசிக்கினு இருந்தானுங்க. வாத்தியாரே சொல்லிட்டாரா, அன்னையிலேந்து அதும் பேரே கஞ்சின்னு ஆயிடுச்சி. லைப்ரரிக்குப் போனா கஞ்சி, பஸ் ஏறுனா கஞ்சி. வர்றதையே நிறுத்திடுச்சி."

மோகனின் கை நின்றது. "எனுக்கு அவ ஆஸ்டல்னே தெரியாது."

"தெரியாதுன்னுதான் சொல்றேன். தெரிஞ்சுக்கலன்னு சொல்றேன்."

பாஞ்சாலியின் முகம் சுருங்கிவிட்டது. மகனைப் பெற்ற வயிறு. "எங்க வூட்டு நடுவுல உக்காந்துக்கினு எம் புள்ளையக் குத்தம் சொல்றியேம்மா. அவன் ஒரு எறும்ப மெறிக்க மாட்டான். எத்தினி வருசமா நானும் வாயால சொல்லிக்கினுதான் கீறேன், எவளாவது வேலைய வுட்டுட்டா போயிட்டா? எல்லாம் சிரிச்சிக்கினுதான் போறாளுங்க."

"சிரிச்சாங்களா, சிரிக்க வேண்டியிருந்துச்சாம்மா?"

பாஞ்சாலி வெடுக்கென்று வாசல் பக்கம் திரும்பினாள். "ஏண்டி அம்முலு! நீயே சொல்லு. நான் கேலி பண்ணா நீ சிரிப்பியா மாட்டியா?"

அம்முலு வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சிரிப்பேன். சிரிக்கலன்னா மறுநாளு நீ கூப்புட மாட்டியே."

பாஞ்சாலி கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பவும் வைத்தாள்.

"நான் ஒண்ணும் கோவமா சொல்லல" என்றாள் அம்முலு. "கேட்ட, சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து மேற்கே இடி உருண்டது. ஜெயப்பிரியா வெளியிலிருந்து கத்தினாள்: "மாமா! மய வந்துக்கினு கீது!"

சோறு அப்படியே கிடந்தது. எல்லோரும் ஓடினார்கள். காற்று முதலில் வந்து, காய்ந்த நெல்லின் தூசியை முகத்தில் அடித்தது. கன்னியப்பனும் மோகனும் பலகையைப் பிடித்துத் தள்ளினார்கள். அம்முலுவும் பாஞ்சாலியும் இரண்டு பக்கமும் துடைப்பம் போட்டார்கள். பரந்து கிடந்த நெல் நீளக் குவியலாகச் சேர்ந்தது. ஷப்ரீன் செருப்பை உதறிவிட்டுத் தார்ப்பாயை உருட்டி விரித்தாள். மறுமுனையை ஜெயப்பிரியா பிடித்தாள். காற்று நடுவில் புகுந்து பாயை ஊதி அவர்களையும் சேர்த்து இழுத்தது.

"கல்லு! கல்லு வைய்யி!"

"ஓரத்த மடிச்சு உள்ளாற செருவும்மா, இல்லன்னா தண்ணி பூந்துக்கும்!"

"அங்க இல்லடா, பள்ளத்துப் பக்கம்!"

முதல் துளி காசு அளவுக்கு விழுந்தது. கடைசிக் கல்லை வைக்கும்போது சாலை வெள்ளக்காடாக இருந்தது. குழாயடிக் கொட்டகைக்குள் ஆறு பேரும் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். நீலப் பாய்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கன்னியப்பன் குனிந்து பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் போகவில்லை.

"பாய் மட்டும் இத்தக் குடுத்தனுப்பலன்னா…" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. ஷப்ரீனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யய்யோ, இன்னாங்கய்யா நீங்க!"

மோகன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். மழை விடுவதற்குக் காத்திருக்காமல் அங்கேயே கேட்டான்.

"இன்னும் இன்னா பாத்த?"

"இன்னாண்ணா?"

"கிளாஸ்ல. அது ஒண்ணுதானா, இன்னும் கீதா?"

ஷப்ரீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நெறய கீது. நீங்க போர்டுகிட்டப் பேசுறீங்க, புள்ளைங்ககிட்டப் பேசல. கேள்வி கேட்டு மூச்சு வுடறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிடறீங்க. புரிஞ்சுதான்னு கேக்கறீங்க. புரியலன்னு எவன் சொல்லுவான்? புரிஞ்சுதுன்னு சொன்னா வுட்டுடுவீங்கன்னு அவனுக்குத் தெரியும்."

"என்கிட்டயும் அப்பிடித்தான்" என்றாள் ஜெயப்பிரியா. "இன்னா கொயம்பு வெக்கப் போறன்னு கேட்டுட்டு அவுரே சாம்பாருன்னு சொல்லிட்டுப் பூடுவாரு."

அம்முலு சிரித்தாள். இந்தத் தடவை பாஞ்சாலி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று தெரிந்துகொள்கிறவளைப்போல.

மழை விட்டதும் ஷப்ரீன் ஆறிப்போன சோற்றைத் தின்றாள். சுடவைத்துத் தருகிறேன் என்ற பாஞ்சாலியை விடவில்லை. கருவாட்டு முள்ளைத் தட்டோரம் அடுக்கிக்கொண்டே, "அண்ணா, இப்ப எடுங்க. ஜெயாதான் ஸ்டூடன்ட்டு" என்றாள். மோகன் பையிலிருந்து வெர்னியரை எடுத்தான். ஜெயப்பிரியா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க கம்பெனில இதெல்லாம் டிஜிட்டலு. வெச்சா நம்பர் வரும்."

"இதுல நம்பர் வராது. நீதான் பாக்கணும். கீழ கீற கோட்டுல எது மேல கீற கோட்டோட நேரா ஒட்டுது? தோ, நானே சொல்றேன். அதாவது…"

"அண்ணா!"

மோகன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுபடி கேட்டான். கேட்டுவிட்டு வாயை மூடினான். ஜெயப்பிரியா வெர்னியரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். நேரம் போயிற்று. அவனுக்கு உதடு துடித்தது. ஷப்ரீன் விரலைக் காட்டி அடக்கினாள்.

பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். "இன்னாடா எல்லாம் எழவு வூடு மாதிரி உக்காந்துக்கினு கீறீங்க?"

"பதிலுக்குக் காத்துக்கினு கீறோம்மா" என்றான் மோகன்.

"ஒம்போது" என்றாள் ஜெயப்பிரியா கடைசியில்.

தப்பு. முன்பென்றால் இந்த இடத்தில் ஒரு கேலி வந்திருக்கும். வாய்வரை வந்ததை மோகன் விழுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. "ஒம்போதுன்னு எத்தப் பாத்துச் சொன்ன? எனுக்குக் காட்டு" என்றான். அவள் காட்டினாள். காட்டும்போதே தன் தப்பு அவளுக்குப் பிடிபட்டுப்போயிற்று. "தோ… ஏழு! ஏழுதான் நேரா ஒட்டுது!" என்று கத்தினாள்.

கிளம்பும்போது ஸ்கூட்டி அருகில் மோகன் தயங்கினான். "நாளைக்கி மேடம் கிட்ட இன்னா சொல்லப் போற?"

"நீங்க வந்தா ஒண்ணு சொல்லுவேன். வரலன்னா ஒண்ணு சொல்லுவேன்."

"வர்றேன். ஆனா அந்தப் பொண்ணு வரணுமே ஷப்ரீனு. அது வராம நான் மட்டும் கிளாஸ வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"அத்த நானும் மேடமும் போய்ப் பேசறோம். நீங்க ஆஸ்டல் பக்கம் போவாதீங்க."

திங்கட்கிழமை மோகன் போனான். மலர்க்கொடியை விடுதியில் பார்த்துவிட்டு வந்த ஷப்ரீன் சொன்னாள்: "ரூமுக்குக் கூப்புட்டு சாரி சொல்றதா இருந்தா வேணாமாம். சொன்னது எல்லாருக்கும் முன்னாடிதானே, அப்பிடின்னு கேக்குது." மோகன் தலையாட்டினான். நியாயம் என்றான்.

வியாழக்கிழமை செய்முறை வகுப்பில் மலர்க்கொடி கடைசி மேசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பின்வரிசையில் ஷப்ரீனும் இன்னும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும் இருந்தார்கள். மோகன் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"இதே எடத்துல நின்னு நான் மலர்க்கொடிய ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க. அது கேலி இல்ல, தப்பு. தெரியலன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லித் தர்றதுக்குத்தான் நான் இங்க நிக்கறேன். அத்த வுட்டுட்டு அவங்க சோத்தப் பத்திப் பேசுனேன். மன்னிச்சிடும்மா. அந்த வார்த்தைய இனிமே யாராவது சொன்னா, அது என் வார்த்தை. என்னைத்தான் சொல்றீங்கன்னு எடுத்துக்குவேன்."

யாரும் சிரிக்கவில்லை. முன் மேசையிலிருந்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். மலர்க்கொடி அவனைப் பார்க்கவும் இல்லை, மோகனைப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையை இறக்கி மேசைக்கடியில் வைத்தாள். பெட்டியைத் திறந்து வெர்னியரை எடுத்தாள்.

அந்தச் சாயங்காலமே குழுவில் புதுப் பழக்கம் வந்தது. டீ வரும். வந்ததும் அவரவர் தம்ளரின்மேல் கையில் இருப்பதை வைத்து மூடிவிட வேண்டும். பார்த்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் குடிக்கலாம். கேன்டீன்காரர் தினகரனுக்கு முதலில் கோபம். "என் டீய ஆற வெச்சுக் குடிக்கறதுக்கு நீங்க பச்சத் தண்ணியே குடிக்கலாமே" என்றார். பிறகு அவரே மூடி போட்ட தம்ளர் கொண்டுவந்தார். துறைத் தலைவர் மோகனிடமிருந்து வகுப்பை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் குழுவை மோகன்தான் நடத்த வேண்டும் என்று ஷப்ரீன் சொல்லிவிட்டாள். "நல்லா எடுக்கறவன் நடத்தினா எவனும் வாயத் தொறக்க மாட்டான். அடிபட்டு எழுந்தவன்தான் நடத்தணும்" என்றாள்.

பின்வரிசையில் உட்காருகிற ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும் சொன்னால் போதாது, முன்னால் உட்காருகிற பிள்ளைகளும் வந்து சொல்லட்டும் என்று கேட்டது மோகன். முதலில் வந்தவள் மலர்க்கொடி. மூடியிட்ட தம்ளர் முன்னால் உட்கார்ந்து, மூடியை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லும்மா" என்றான் மோகன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"சார் இப்பவும் வேகமாத்தான் போறீங்க" என்றாள் அவள். குரல் மெல்லியதாக இருந்தது. "காத்திருக்கறப்ப எங்க மூஞ்சையே பாக்காதீங்க சார். பயமா கீது. ஜன்னலப் பாருங்க."

ஷப்ரீன் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். மோகனும் சிரித்தான். "பாக்கறேன்" என்றான். "ரொம்ப தேங்க்ஸ்மா. இப்ப குடி." மலர்க்கொடி மூடியை எடுத்தாள். டீயின்மேல் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து மோகன் அதைச் சொன்னபோது மறுபோகத்துக்கு நாற்றங்காலைச் சேறு கலக்கிச் சேடை ஓட்டிவிட்டு எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. தார்ப்பாயை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போன கன்னியப்பன், மஹபூப் பாஷாவுக்கு ஒரு கூடை முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். பாஞ்சாலி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு உன்னையே ஜன்னலப் பாருன்னுட்டாளா?" என்றாள் அவள்.

"ஆமா."

"நல்லாருக்கணும் அவ. ஒரு நாளைக்கி வூட்டுக்கு இட்டுக்கினு வாடா. சோறு போடறேன்." டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். எதையோ யோசித்தவளாக மறுபடி சொன்னாள். "துன்றதுக்கு முன்னாடி என்னையும் ஏதனா சொல்றதா இருந்தா சொல்லட்டும். கேட்டுக்கிறேன்."

வேப்பமரத்தடியில் அம்முலு தன் நெளிந்த அலுமினியத் தம்ளரை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். தம்ளரை மண்ணில் வைத்தாள். முந்தானை நுனியை எடுத்து அதன்மேல் மூடினாள்.

"அவ எப்ப வந்து, எப்ப சொல்றது?" என்றாள். "நான்தான் கீறேனே. இந்தத் தம்ளர்லேந்தே ஆரம்பிக்கட்டுமா?"

பாஞ்சாலி அவளையும் தம்ளரையும் பார்த்தாள். மோகன் வாயைத் திறக்கப் போனான். ஜெயப்பிரியா அவன் தொடையில் கிள்ளினாள். அவன் ஏரிக்கரைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பாஞ்சாலி எழுந்து போய் அம்முலுவுக்கு எதிரில், தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுடி" என்றாள்.